குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்

1

நேற்று யாழினி பள்ளியில் பயறு முளைக்க வைப்பதற்கு ஒரு டப்பா கேட்டாள். சமையலறைக் கீழ்த்தட்டில் தானே தேடி, மூடியில் 'பருப்புப் பொடி' என்று எழுதி ஒட்டிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பிடுங்கியதற்கு மன்னிப்புக் கேட்டேன். டப்பாவை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதற்குப் பிறகும் கொடுக்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். பயறு முளைக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்று இப்போது வரை தோன்றிக்கொண்டிருக்கிறது.

இந்த வாரத்தோடு நாங்கள் மெல்பர்னுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்காக ஏதாவது எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். குளிர், டிராம், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக நீட்டும் எலுமிச்சம்பழம் என்று நல்ல விதமாக. ஆனால் டப்பா கைக்கு வந்துவிட்டது. ஆகவே அந்த டப்பாவைப் பற்றியும், என் கணவர் தயாளனுக்குக் கிடைத்த ஒரு வைத்தியம் அதனால் நழுவிப்போகப் பார்த்ததைப் பற்றியும் எழுதுகிறேன். அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

2

தயாளன் குடிப்பார். இந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

சத்தம் போட மாட்டார். கை நீட்ட மாட்டார். ஒரு தம்ளரைக்கூட உடைத்ததில்லை. இந்த ஊரில் அட்டைப் பெட்டியில் ஒயின் விற்கிறார்கள். உள்ளே ஒரு பை, கீழே ஒரு குழாய். அது எங்கள் வீட்டில் துணி துவைக்கும் அறையில், சோப்புத் தூளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஏழு மணிக்கு மேல் தயாளன் சோபாவில் இருப்பார். ஆனால் இருக்க மாட்டார். யாழினி போய் மடியில் ஏறினால் தலையைத் தடவுவார். யார் தலை என்று தெரிந்து தடவுகிறாரா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை அவளை நீச்சல் வகுப்பிலிருந்து அழைத்து வர மறந்து தூங்கிவிட்டார். நான் ஒரு பிறந்தநாள் விழாவில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நீச்சல்குளத்து அலுவலகப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டபோது யாழினி ஈரத் துண்டோடு ஒரு மணி நேரமாக அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து கணினியில் சென்னைக்கு இரண்டு டிக்கெட் பார்த்தேன். எனக்கும் அவளுக்கும். வாங்கவில்லை. அந்தப் பக்கத்தை மூடவும் இல்லை.

டிக்கெட்டுக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் தாங்களாகக் குடியை நிறுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று மாலை போடுவது, மற்றது கோயிலில் கயிறு கட்டிக்கொள்வது. மாலை நாற்பத்தெட்டு நாள் தாங்கும். கயிறு, அறுந்து விழும் வரை. மூன்றாவது வழி பெண்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பொடி என்று பெயர். எங்கள் வீடு சென்னீர்குப்பத்தில். வேலப்பன்சாவடியில் இருந்த கல்லூரிக்கு நான்கு வருடம் பஸ்ஸில் போனேன். நான்கு வருடமும் ஒரே மதில் சுவரில் ஒரே விளம்பரத்தைப் படித்தேன்: 'குடியை மறக்க! குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்!' கல்லூரியில் படித்தது உயிரித் தொழில்நுட்பம். அதில் எதுவும் இப்போது நினைவில்லை. இது இருக்கிறது.

என் மாமியார் மூன்று மாதம் எங்களோடு இருக்க வருவதாக ஏற்பாடாகியிருந்தது. மேனாம்பேட்டுக்கு போன் போட்டேன்.

"அத்தை, வரும்போது... அந்தச் சாப்பாட்டுல கலக்கறது..."

"நீ எப்போ கேக்கப் போறன்னு பாத்துகினே இருந்தேன்," என்றார் அத்தை. "அவங்கப்பனுக்கு நான் போடாத பொடியா? பன்னெண்டு வருசம் போட்டேன்."

"கேட்டுச்சா அத்தை?"

"எங்க? குடி நிக்கல. மலச்சிக்கல் நின்னுச்சு."

"அப்புறம் ஏன் அத்தை..."

"இன்னும் கொஞ்சம் கூடப் போட்ருக்கணுமோ இன்னாவோ. யாரு கண்டா."

மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். கல்லீரல்.

விமான நிலையத்தில் அத்தையின் பெட்டியைத் திறந்தார்கள். கறிவேப்பிலையைத் தூக்கிப் போட்டார்கள். சுண்டைக்காய் வற்றலைப் பற்றி மேலதிகாரியைக் கூப்பிட்டு ஆலோசித்தார்கள். பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். பொடியோடு வந்த விளக்கத் தாளை அத்தை கைப்பையில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தபடி ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை ஸ்பூன், சாம்பாரில் கலந்தேன். எதில் என்ன இருக்கிறது என்று பிஸ்கட் பாக்கெட்டைக்கூட முழுதாகப் படிக்காமல் யாழினிக்குக் கொடுக்காதவள் நான்.

3

மூன்று வாரம் இப்படிப் போனது. நாலாவது வாரம் தயாளன் வேலையிலிருந்து வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், "ஒரு ஆராய்ச்சியில சேரலாம்னு இருக்கேன், குடியை நிறுத்தறதுக்கு," என்றார். நீச்சல்குளத்துச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்களே அவர் தானாக டாக்டரைப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாமல். யாருக்கும் தெரியாமல் நல்லது செய்வது எங்கள் வீட்டில் பொதுவான நோய்.

போதை தரும் ஒருவகைக் காளானில் சைலோசைபின் என்று ஒரு பொருள் இருக்கிறது. வெகுநாள் தீண்டாமல் ஒதுக்கி வைத்திருந்ததை இப்போது சில நாடுகளில் திரும்ப எடுத்து, குடிப்பழக்கத்துக்கும் வேறு எந்த மருந்துக்கும் அசையாத மனச்சோர்வுக்கும் உதவுமா என்று பார்க்கிறார்கள். சிலருக்கு உதவுவது போல் தெரிகிறதாம். முடிவாக யாரும் சொல்லவில்லை. சொல்ல முடியாததால்தான் ஆராய்ச்சி. ஆய்வகத்தில் செய்த மாத்திரையை விழுங்கி, கண்ணைக் கட்டிக்கொண்டு, காதில் இசையோடு ஒரு பகல் முழுவதும் படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இரண்டு மனநல ஆலோசகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் வாரக்கணக்கில் அவர்களோடு பேச வேண்டும். இதைப் படித்துவிட்டு யாரும் மழை விட்டதும் ஏரிக்கரைப் பக்கம் காளான் பறிக்கக் கிளம்ப வேண்டாம். எனக்கு ஏற்கெனவே தூக்கம் வருவதில்லை.

இந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு. இதற்குச் சம்மதப் படிவம், அதைப் படித்துப் புரிந்துகொண்டதற்கு ஒரு படிவம், கூட இருந்து கவனித்துக்கொள்ளும் ஆளாக எனக்கு ஒரு படிவம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. கேள்வித்தாளும் உண்டு. 'இந்தப் பிரபஞ்சத்தோடு நீங்கள் ஒன்றாகக் கரைந்துவிட்டதாக எப்போதாவது உணர்ந்திருக்கிறீர்களா? பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பிடவும்.'

தயாளன் வெகு நேரம் யோசித்தார். "காலைல எட்டு மணிக்கு எஸ்டேட் பஸ்ல போனது கணக்குல வருமா?"

ஒன்று போட்டார்.

அன்றைக்கே துணி துவைக்கும் அறையில் இருந்த பெட்டியின் குழாயைத் திறந்து, தொட்டியில் ஒயினைப் போகவிட்டார். யாழினி பக்கத்தில் நின்று பார்த்தாள். "அப்பா, அது கெட்டுப் போச்சா?" என்றாள். "அது கெடல," என்றார். இரண்டு வாரம் டாக்டர் மேற்பார்வையில் கை நடுங்க, சட்டை நனைய இருந்தார். ஏழு மணிக்கு மேலும் இருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது, கல்யாணமான புதிதில் இருந்ததுபோல் வெட்கமாகவும் இருந்தது.

அத்தைக்கு விளக்கும் வேலை என்னிடம் வந்தது.

"போதைய நிறுத்த போதையா?" என்றார். "நெருப்ப அணைக்க மண்ணெண்ணெய் ஊத்துவியா நீ?"

"இது வேற அத்தை. அதுவும் சிலருக்கு நிஜ மாத்திரை, சிலருக்கு வெறும் மாத்திரை. எது கொடுத்தாங்கன்னு இவருக்குத் தெரியாது."

அத்தை முகம் மலர்ந்தது. "தெரியாமதான் குடுக்கறாங்களா? அத்த மொதல்லயே சொல்லக் கூடாது?"

"கொடுக்கறவங்களுக்கும் தெரியாது அத்தை."

"குடுக்கறவங்களுக்கே தெர்லனா அவங்க இன்னா டாக்டரு?"

நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். உயிரித் தொழில்நுட்பத்தில் இதை ஒரு பருவம் முழுவதும் படித்திருக்கிறேன்.

ஆராய்ச்சியை ஒருங்கிணைக்கும் நர்ஸின் பெயர் ரேச்சல். முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொன்னார்: மது கூடாது, வேறு மருந்து, மூலிகை எதுவும் கூடாது, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் அளவுகள் சரியாக இருந்தால்தான் மாத்திரை. "கடந்த மூன்று மாதத்தில் மூலிகை மருந்து ஏதாவது?" என்று கேட்டார். தயாளன் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "இல்லை," என்றார். நான் என் கைப்பையின் ஜிப்பை மூடினேன். அது மூடித்தான் இருந்தது.

அன்றோடு பொடியை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை. தொடங்கியதையும் சொல்லவில்லை என்பதால் அது முறைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

4

இதற்கு நடுவில் யாழினியின் ஆசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. பள்ளியில் அவளுக்குப் பெயர் யாஸ். மூன்று எழுத்து அங்கே அதிகம். வாரக் கடைசியில் என்ன நடக்கப் போகிறது என்று பிள்ளைகள் எழுந்து நின்று சொல்லும் நேரத்தில் யாஸ் எழுந்து, "என் அப்பா ஒரே ஒரு காளான் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்கத் தூங்குவார், அம்மா பார்த்துக்கொண்டு அழுவாள்," என்று சொல்லியிருக்கிறாள்.

"வீட்டில் எல்லாம் நலமா?" என்று கேட்டார் ஆசிரியை, மிக மெதுவாக.

பதற்றம் வந்தால் என் இங்கிலீஷ் அரசாங்கக் கடிதமாகிவிடும். எங்கள் இல்லத்தில் காளான் சமைக்கப்படுவதில்லை என்றும், இனியும் சமைக்கப்படமாட்டாது என்றும் உறுதியளித்தேன். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் தன் அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொன்னார். இருபது நிமிடம் பேசினோம். ஆறு வருடத்தில் இந்த ஊரில் நான் யாரோடும் அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை என்று வைத்த பிறகுதான் உறைத்தது.

யாழினியைக் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தை எல்லாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். "ஏன்? ரகசியம் வெச்சா வயிறு வலிக்கும்னு மிஸ் சொன்னாங்க," என்றாள். அவளுக்கு அங்கே இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கும் சில நாளாக வயிறு சரியில்லாமல்தான் இருந்தது.

5

மாத்திரைக்குப் பத்து நாள் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கல்லீரல் அளவு இறங்க வேண்டிய நேரத்தில் ஏறியிருந்தது.

"குடித்திருந்தால் சொல்லலாம், தயா. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்," என்றார் ரேச்சல்.

"குடிக்கல," என்றார் தயாளன். 

"ஒருமுறை தவறுவது சகஜம்."

"குடிக்கல."

ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே இருந்தால் சேர்த்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னார்கள். காரில் வரும்போது சிக்னலில் நின்றோம். "நீயாவது நம்பறியா ஹேமா?" என்றார்.

"நம்பறேன்," என்றேன்.

நம்பினேன். பத்து வருடத்தில் அவர் குடிக்கவில்லை என்று சொன்னபோதெல்லாம் நான் முகர்ந்து பார்த்திருக்கிறேன். முகராமல் நம்பியது அன்றுதான். ஆனால் நான் பொடியை நிறுத்திப் பல நாள் ஆகிறதே, பின் ஏன் ஏறுகிறது என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் யாழினி தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். "ஆயா அப்பாவுக்கு மட்டும் பருப்புப் பொடி போடறாங்க. நான் கேட்டா தர மாட்டேங்கறாங்க."

தயாளன் குனிந்து ரசம் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை குழாயைப் பார்த்தார். தயாளன் யாழினியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனதும் சமையலறைக் கதவைச் சாத்தினேன்.

"அத்தை, நான் நிறுத்திட்டேனே. டப்பாவ எடுத்து உள்ள வெச்சுட்டேனே."

"அது உன் டப்பா. நான் எனக்குத் தனியா ஒரு பாக்கெட் வெச்சிருந்தேன்."

"எப்போலேந்து?"

"வந்த மறுநாள்லேந்து."

"நானும் அப்போலேந்துதானே போட்டேன்! ஏன் அத்தை என்கிட்ட சொல்லல?"

"நீ பயந்தாங்கோலி. கை நடுங்கி விட்ருவன்னு தெரியும். நீ உட்ட எடத்துலேந்து யாராச்சும் புடிக்கணும்ல?"

சாம்பாரில் நான், ரசத்தில் அத்தை. மோரை மட்டும்தான் விட்டு வைத்திருந்தோம்.

விஷயத்தைச் சொன்னேன். இந்தப் பொடியால்தான் அளவு ஏறியிருக்கும், அவர் குடித்துவிட்டதாக டாக்டர்கள் நினைக்கிறார்கள், அடுத்த வாரம் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றேன். அத்தை முந்தானையால் கையைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"நிறுத்திட்டேன், போ. இனிமே போடல. ஆனா வெளிய சொல்லாத. சொன்னா மட்டும் வெச்சுக்குவாங்களா?"

"சொல்லலன்னா அவர் பொய் சொன்னதா ஆயிடும் அத்தை."

"சொன்னா நம்ம ரெண்டு பேரும் அவனுக்கு மருந்து வெச்சோம்னு ஆய்டும். அப்புறம் நம்ம கையால ஒரு வாய் சாப்பிடுவானா அவன்?"

இதுதான் விஷயம். சொன்னாலும் அவர் இடம் போகலாம், கூடவே என் மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும். சொல்லாவிட்டால் உண்மை பேசிய ஒரே தடவை அவர் பொய்யராக நிற்பார். அதற்கும் மேலாக, என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒன்றின் மேல் அந்த மாத்திரை போய் விழுந்து ஏதாவது ஆகிவிட்டால்? மாமனாரின் படம் மேனாம்பேட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் உயரம் எனக்கு நினைவு வந்தது. மறுநாள் காலை யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு, காரில் உட்கார்ந்தபடியே ரேச்சலைக் கூப்பிட்டேன். ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "இருவரும் மதியம் வாருங்கள். அந்தப் பொடியையும் கொண்டு வாருங்கள்," என்றார். தயாளனிடம், "மதியம் வரச் சொல்லியிருக்காங்க," என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை வழியில் சொல்வதாக இருந்தேன். வழி நாற்பது நிமிடம். வானிலையைப் பற்றிப் பேசினேன்.

6

ரேச்சல் கையுறை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்து, மூடினார். விளக்கத் தாளை மேஜையில் விரித்தார். முழுவதும் தமிழில் இருந்தது. ஓரத்தில் குங்குமம்.

"மொழிபெயர்க்க ஆளை அழைக்க வேண்டுமா, நீங்களே படிக்கிறீர்களா?"

நானே படித்தேன். தயாளன் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இதில் இருப்பவை: அதிமதுரம், சீரகம், கடுக்காய் மற்றும் பல அரிய மூலிகைகள்," என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"எந்த மூலிகைகள்?"

"அரிய."

ரேச்சல் எழுதிக்கொண்டார். "மேலே பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது?"

நான்கு வருடம் பஸ் ஜன்னலிலிருந்து படித்த வாக்கியம். அதை ஒரு நாள் இங்கிலீஷில் சொல்ல வேண்டிவரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் ரயிலில் போயிருப்பேன். எழுவாய் எது, பயனிலை எது என்று தேடித் தேடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தேன்: குடிப்பவருக்கு. அவருக்குத் தெரியாமல். உணவில் கலந்து. கொடுக்கலாம்.

பிறகு என் இடப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். தயாளன் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

"தெரியும்," என்றார் ரேச்சலிடம். "முதல் நாளிலிருந்தே தெரியும்."

"தெரிந்துமா மூலிகை எதுவும் இல்லை என்று சொன்னீர்கள்?"

சிரிப்பு நின்றது. "அம்மா விசிட்டர் விசாவில் வந்திருக்காங்க. இவ போலீஸ் காரைப் பாத்தாலே சீட் பெல்ட்டை ரெண்டு தடவை சரி பார்ப்பா. சொன்னா இவங்க மேல ஏதாவது கேஸ் ஆயிடுமோன்னு பயம். என் இடம் போனா போகட்டும்னு விட்டுட்டேன்."

ரேச்சல் பேனாவைக் கீழே வைத்தார். எங்களைத் திட்டவில்லை. "சொன்னதற்கு நன்றி," என்றார். இந்த ஊரில் அதுதான் தாங்க முடியாதது; ஊராக இருந்தால் டாக்டர் ஒரு மூச்சு கத்தித் தீர்த்திருப்பார், நமக்கும் பாரம் இறங்கியிருக்கும். பிறகு புதிய படிவம் ஒன்றை எடுத்து, 'மருந்து கொடுத்தவர்' என்ற இடத்தில், 'மனைவி, தாய் (தனித்தனியாக)' என்று எழுதி, என்னிடம் சரிபார்க்கச் சொன்னார். சரியாகத்தான் இருந்தது.

இடம் போகவில்லை. உடம்பிலிருந்து எல்லாம் இறங்கும் வரை தள்ளி வைத்தார்கள். பொடியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, டப்பாவைத் திருப்பித் தந்தார்கள்.

கார் நிறுத்தும் இடத்தில்தான் என்னால் கேட்க முடிந்தது. "எப்படித் தெரியும்?"

"எங்கப்பாவுக்கு அம்மா கலக்கும்போது, கசப்பு தெரியுதான்னு வாயில வெச்சுப் பாக்கறது நான்தான். ஏழு வயசுலேந்து. அந்தக் கசப்பு இன்னும் நாக்குலயே கீது." 

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க? கேட்டிருக்கலாமே. கத்தியிருக்கலாமே."

"போட்டுட்டு எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாப்ப நீ. அம்மாவும் அப்படித்தான் அப்பாவப் பாக்கும். அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நீ. துப்பவா முடியும்?"

வீட்டுக்கு வந்து அத்தையிடம், பொடியை ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கிறார்கள் என்று சொன்னேன். "வெள்ளக்காரனே பயப்படற அளவுக்கு அதுல பவரு கீதா?" என்றார். பயமா பெருமையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிறகு மகனிடம் போய், "மன்னிச்சுக்கோ நைனா," என்றார். அவர், "ரசத்துல புளி கம்மி, அதான் கோவம்," என்றார்.

7

மாத்திரை நாளன்று ஆலோசகர்கள் இருவருக்கும் சேர்த்து அத்தை தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார். "நாள் பூரா நம்ம புள்ளயையே பாத்துகினு உக்காந்திருப்பாங்க, பாவம். அதுல ஒண்ணும் கலக்கல, நீ வேணா மோந்து பாரு." முகர்ந்து பார்த்தேன்.

காலை ஒன்பதிலிருந்து மாலை வரை காத்திருப்பு அறையில் இருந்தேன். தீ விபத்து அறிவிப்பை மனப்பாடம் செய்தேன். ஒரு முறை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு முறை எதுவுமே வெகு நேரம் கேட்கவில்லை; அதுதான் பயமாக இருந்தது. தயாளன் வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. பசிக்கிறது என்றார். கார் நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"அப்பா வந்தாரு."

நான் வண்டியை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தேன்.

"சாப்ட்டுகினு இருந்தாரு. மேனாம்பேடு ஊட்ல. ரசம். மொத வாய்லயே மூஞ்சி ஒரு மாதிரி கோணிச்சு. நான் தூண் பக்கம் நின்னுகினு இருக்கேன். கசப்பே தெர்லம்மான்னு பொய் சொன்னது நான்தான ஹேமா. தெரியுதுன்னு சொன்னா அம்மா போடாம உட்ரும்னு. என்னப் பாத்தாரு. 'தெரியும்டா'ன்னாரு. அவ்ளோதான். இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லி தட்ட நீட்னாரு."

நிறங்கள் தெரிந்ததா, பிரபஞ்சத்தோடு கரைந்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வித்தாளில் இப்போது என்ன மதிப்பெண் போட்டார் என்பது எனக்குத் தெரியாது.

இன்றோடு பதினான்கு வாரம். குடிக்கவில்லை. குணமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். டாக்டர்களும் எழுத மாட்டார்கள். வாரம் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வருகிறார். சில நாள் ஏழு மணிக்குத் துணி துவைக்கும் அறை வரை போய், வெறுமனே நின்றுவிட்டுத் திரும்புகிறார். அவர் விழுங்கியது நிஜ மாத்திரையா வெறும் மாத்திரையா என்பதைக்கூட ஆராய்ச்சி முடியும் வரை சொல்ல மாட்டார்களாம். மேனாம்பேட்டுக்குத் திரும்பிய அத்தைக்கு அந்தச் சந்தேகம் எதுவும் இல்லை. தெருவில் கேட்கிறவர்களிடம், "மாத்திரலாம் சும்மா பேருக்கு. உள்ள போயி வேல செஞ்சது நம்ம பொடிதான்," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். பரிசோதனை முடிவு என்னிடம் இருக்கிறது. அரிய மூலிகைகளில் ஒன்று மூலிகையே இல்லை.

கணினி ஒரு நாள் தானாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது அந்த இரண்டு டிக்கெட் பக்கம் போய்விட்டது. நான் திரும்பத் திறக்கவில்லை.

வீட்டில் கிடந்த படிவங்களைப் பார்த்துப் பார்த்து யாழினியும் ஒன்று தயார் செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். சாம்பார், ரசம், பொரியல். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும், அவள் எழுதுவாள். கீழே: 'அப்பா சாப்பிட சம்மதமா? ஆம். இல்லை.' யாரும் கட்டாயப்படுத்தாமல் அவள் தமிழில் எழுதிய முதல் பக்கம் அது. பிழைகளை நான் திருத்தவில்லை.

நேற்று பாகற்காய்ப் பொரியல். தயாளன் படிவத்தை முழுவதும் படித்து, 'ஆம்' என்பதற்கு எதிரே குறி போட்டுவிட்டு உட்கார்ந்தார். முதல் வாயிலேயே முகம் கோணியது. உப்பு கூடிவிட்டதோ, காய் முற்றலோ, வெல்லம் சேர்த்திருக்கலாமோ என்று நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார். தட்டை நீட்டினார்.